நான்காவது ஜெபக்குறிப்பு

ஜூன் 4, புதன்

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று, சபையிலிருந்து உங்கள் குழுவுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோய்த் திரும்பும் வேனில் வந்தது. நேற்று முழுக்கப் பிரிக்கவில்லை. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே நெஞ்சு எரிந்தது. அதே சாய்ந்த எழுத்து, அதே நீல மை. இன்று பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேறு வேலை இல்லாததால் பிரித்தேன்.

ஊழியக் குழுவுக்கு உன்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து பேர், ஆறு வாரம். போதகர் சொன்னபோது வேறு ஆளைப் பாருங்கள் என்றாயாம். நம் சபையில் இதற்கு முன் குழு நடத்திய பொம்பளை நான் ஒருத்திதானாம், தைரியமாக இரண்டு வார்த்தை எழுத வேண்டுமாம். போனிலும் கூப்பிட்டாயாம், நான் எடுக்கவில்லையாம். எடுக்க மாட்டேன். உன் குரலை இனிக் கேட்பதில்லை என்று சபை வாசலில் நின்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். கடிதத்தைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. அதைத் தாண்டாமல் என் கை நகராது. பதினோரு வருஷம் முன்னால், ஒரு புதன்கிழமை, பெண்கள் ஐக்கியம். பதினேழு பேர் இருந்தோம். இரண்டாவது மின்விசிறி கடக் கடக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நீ எழுந்து ஜெபக்குறிப்பு நோட்டை வாசித்தாய். முதலாவது, மழை. இரண்டாவது, போதகரின் முட்டிவலி. மூன்றாவது, கூரை வேலை. நான்காவது, "எங்க அண்ணன் மகளுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருக்கிற வலிப்பு, கல்யாணத்துக்குள்ள நிக்கணும்."

மூன்றாம் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரியாதாம். அவர்களிடம் நானே சொல்லியிருப்பேன், அதற்கு ஒரு நாள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நின்றது. என் மகள் கடல் தாண்டி வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நாலு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள், போட்டோவில். நீ நல்ல மனசோடுதான் செய்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நல்ல மனசை வைத்து நான் என்ன செய்ய?

அன்றிலிருந்து ஐக்கியத்தில் நான் வாய் திறப்பதில்லை. போகிறேன், உட்காருகிறேன், வருகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சாவிக் கொத்து உன் இடுப்பில் இருக்கட்டும். யார் கேட்டாலும் கொடுக்காதே, எவ்வளவு வயதானவராக இருந்தாலும். கக்கூஸை முதல் நாள் நீயே கழுவு, இரண்டாம் நாள் யார் கழுவுவது என்ற பேச்சு வராது. கூட்டத்தில் தொண்டை அடைத்தால் தண்ணீர் குடிப்பதுபோல் நடி. அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழு. நான் அப்படித்தான் செய்தேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அண்ணி

*

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மருந்து அலமாரியில், பஞ்சுக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான்காவது குறிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. 

கக்கூஸை முதல் நாள் நானே கழுவினேன். இரண்டாம் நாளும் நானேதான் கழுவினேன். மூன்றாம் நாள், "அக்கா நல்லாக் கழுவுறாங்க, கைராசி" என்று ஆர்மோனியக்காரர் சொன்னார். உங்கள் காலத்து ஆட்கள் வேறு போலிருக்கிறது.

இடம் இப்படி. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு அறை. தரை எப்போதும் ஈரம். எதிரே இறால் கம்பெனி. முந்நூறு பெண்கள் நின்றபடியே இறால் உரிக்கிறார்கள். ஓடு குத்திக் குத்தி, குளோரின் தண்ணீரில் ஊறி, விரல்கள் வெந்துபோய் இருக்கின்றன. காலையில் நாங்கள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம். வியாழன் சாயங்காலம் கம்பெனி முற்றத்தில் பாட்டும் ஜெபமும். கட்டுக்கு வரிசை நிற்கிறது. பாட்டுக்கு யாரும் நிற்பதில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள் நான், கட்டு எனக்குக் கஷ்டமில்லை. கூடவந்த நாலு பேர்தான் கஷ்டம்.

ரிட்டையர்டு தலைமை ஆசிரியர் வந்திருக்கிறார் அல்லவா, நம் வாத்தியார். தன்னைத்தான் தலைவராகப் போடுவார்கள் என்று இருந்திருக்கிறார். நான் பேசி முடித்ததும் என் தமிழைத் திருத்துகிறார். புதிதாகக் கல்யாணமான ஜோடி, சமையல் யாருடைய ஊழியம் என்று சண்டை போடுகிறது. ஆர்மோனியக்காரர் நேற்று முதுகுவலி என்று ஊருக்குப் போய்விட்டார். ஆர்மோனியத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று பார்த்தேன். இங்கே தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 11, புதன்

நாத்தனாருக்கு,

தண்ணீர் விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

ஆர்மோனியக்காரனுக்கு முதுகுவலி என்றதும் ஆச்சரியப்படவில்லை. என் மாமியார் அடக்கத்துக்கும் அவன் பாதியில்தான் போனான். இரண்டு பாட்டு பாக்கி. வாத்தியாரை எதிர்க்காதே. மனுஷருக்கு ஒரு நாற்காலியும் ஒரு வேலையும் கொடு. கட்டுக்கு வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதச் சொல். எழுத்துப் பிழை பார்க்கிறவருக்கு அது மிட்டாய் மாதிரி.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

இருபத்தாறு வருஷம் முன்னால் நான் குழு நடத்தினேனே, அதைத்தான் எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள், மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள், ஏழு பேரைக் கூட்டிப்போய்ப் பெரிய ஊழியம் செய்தாள் என்று. ஏழு பேரில் நாலு பேர் இரண்டாம் வாரம் ஓடிவிட்டார்கள். ஒரு ஆத்துமா வரவில்லை. ஒரு வீடு கதவு திறக்கவில்லை. கடைசி வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், மீதி மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். திரும்பி வந்து சபையில் நின்று, பெரிய காரியங்கள் நடந்தன என்று சாட்சி சொன்னேன். கைதட்டினார்கள். உன் அண்ணன் முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சாகிறவரை அவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஜெயித்தேன், நீ தோற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இராதே. ஜெயித்தவள் யாரும் இல்லை.

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை.

அண்ணி

*

ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள அண்ணி,

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். பிறகு அந்தத் தாளை மட்டும் ஸ்டவ்வில் எரித்துவிட்டேன். என்னிடம் அது பத்திரம். இந்த முறை பத்திரம்.

ஜோடியும் போய்விட்டது. அவள் ஒரு பஸ்ஸில், அவன் அடுத்த பஸ்ஸில். இப்போது நானும் வாத்தியாரும்தான். நோட்டு கொடுத்தேன், நீங்கள் சொன்னபடி. முத்து முத்தாக எழுதுகிறார். இரண்டு நாளாக என்னைத் திருத்தவில்லை. திருத்தாதது பயமாக இருக்கிறது.

அண்ணி, இதை எழுதவே உட்கார்ந்தேன். ஒருத்தி வருகிறாள். மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்ற வருவாள். கம்பெனியில் கொடுக்கும் நீலக் கையுறை அவள் சின்னக் கைக்குப் பெரிது. அதனால் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையைத் தானே வாங்கிப் போட்டிருக்கிறாள். முந்நூறு பேரில் மஞ்சள் அவள் ஒருத்திதான். கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. நான் இரண்டு துண்டு பிளாஸ்திரி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கொடுத்தேன். "சிலுவை போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "கூட்டல் குறின்னு சொல்லிக்கிறேன், வம்பு வேணாம்" என்று அவளே சிரித்தாள். இங்கே வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அவள் கையில் இருக்கும் புண் இறால் ஓட்டினால் வந்தது இல்லை. எனக்கு முதல் நாளே தெரியும். இறால் ஓடு விரலைக் குத்தும், முழங்கைக்கு மேலே குத்தாது. அவள் புருஷன்தான் கம்பெனி மேஸ்திரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று அவளாகவே சொன்னாள். வருகிற வெள்ளி, காலை ஆறு மணி பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறாள். தனியாகப் போனால் கம்பெனி வாட்ச்மேன் கேட்பான். நான் கூட நடந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிடலாம். "பஸ் ஏத்தி விட்டாப் போதும்மா. யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

இதை ஜெபக்குறிப்பு நோட்டில் எழுதவில்லை. வாத்தியாரிடம் சொல்லவில்லை. போதகரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல் சுமக்க என்னால் முடியவில்லை அண்ணி. நீங்கள் பதினோரு வருஷமாக வாய் திறக்காதவர். உங்களைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. எனக்காக ஜெபியுங்கள். இந்த ஆறு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்யப்போவது இது ஒன்றுதான்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 18, புதன் காலை

சின்னவளுக்கு,

உன் அண்ணன் உன்னைக் கூப்பிட்ட பெயரை நானும் எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

நேற்று சாயங்காலம் உன் கடிதம் வந்தது. மேஸ்திரியைப் பற்றிப் படித்தபோது என் கை தானாக இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. நீ செய்வது சரி. பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் போய் நில். பிள்ளைக்கு ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுவிடச் சொல், மூட்டை சின்னதாகும். வாட்ச்மேன் கேட்டால் நீ பேசாதே, முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள். ஆஸ்பத்திரிக்காரி முகம் உனக்கு நன்றாக வரும், அதை வைத்து என்னையே மிரட்டியிருக்கிறாய்.

நீ தோற்கவில்லை. நாலு பேரில் மூன்று பேர் ஓடட்டும். ஒருத்தியும் ஒரு பிள்ளையும் பஸ் ஏறினால், நான் சபையில் நின்று சொன்ன பொய்யெல்லாம் உன் கையால் உண்மையாகும். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஐக்கியக் கூட்டம். மனசுக்குள் முணுமுணுத்து ஜெபிக்கிற விஷயமா இது? இன்றைக்கு வாய் திறந்து ஜெபிக்கப் போகிறேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை அவள் போனதும் எழுது. உன் குரலைக் கேட்பதில்லை என்று சொன்னது அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அண்ணி

*

ஜூன் 22, ஞாயிறு

அண்ணி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் கூட்டம். அன்றைக்கு என்னவோ ஷிப்ட் முடிந்து முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். அவளும் நின்றாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. வராதே என்றால் சந்தேகம் வரும் என்று நான்தான் வழக்கம்போல் வரச் சொல்லியிருந்தேன். கடைசி ஜெபத்தை நான் செய்ய வேண்டும். வாத்தியார், "இன்னிக்கு நான் பண்றேம்மா, மனசுல பாரமா இருக்கு" என்றார். மூன்று வாரத்தில் முதல் முறையாக என்னிடம் கேட்டு ஒன்று செய்கிறார் என்று சந்தோஷப்பட்டு, சரி என்றேன்.

அவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, பள்ளிக்கூடக் குரலில் ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார். முதலாளிக்காக ஜெபித்தார். பிறகு, "நாளைக் காலை ஆறு மணிப் பேருந்தில் தன் குழந்தையோடு புறப்படுகிற, மஞ்சள் கையுறை அணிந்த எங்கள் சகோதரியைத் துன்மார்க்கனின் கைக்குத் தப்புவியும்" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். அவள் கண் திறந்திருந்தது. வாத்தியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். முற்றத்து வாசலில் மேஸ்திரி நின்றார், அவரும் கண்ணை மூடவில்லை. வாத்தியார் மட்டும் மூடிய கண்ணோடு இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆமென் என்று அவர் முடித்தபோது அவளும் பிள்ளையும் நின்ற இடம் காலியாக இருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன். ரேடியோ சத்தமாக வைத்திருந்தது. யாரும் திறக்கவில்லை. போலீசுக்குப் போனேன், புருஷன் பெண்டாட்டி விஷயம் என்றார்கள். வெள்ளி காலை ஐந்தரைக்கே பஸ் நிலையத்தில் நின்றேன். ஆறு மணி பஸ் போயிற்று. ஒன்பது மணி வரைக்கும் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஊருக்குப் போய்விட்டாள் என்கிறது கம்பெனி. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கிறார்.

அன்று மத்தியானம் வேனில் உங்கள் கடிதம் வந்தது.

வாத்தியார் தரையில் உட்கார்ந்து அழுகிறார். "ரகசியம்னு யாரும் சொல்லலையேம்மா. வீட்டுக்காரி புதன்கிழமை போன் பண்ணினா. ஐக்கியத்துல குறிப்பு வந்திருக்கு, எல்லாரும் முட்டி போட்டிருக்காங்க, நீங்களும் ஜெபிங்கன்னா. அங்க உள்ளவங்களே ஜெபிக்கும்போது, பக்கத்துல இருக்கிற நான் ஜெபிக்காம இருப்பேனா?" என்கிறார்.

ஐக்கியத்துக்கு எப்படிப் போயிற்று என்று நான் அவரிடம் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

நாத்தனார்

*

ஜூன் 25, புதன்

சின்னவளுக்கு,

நீ கேட்காததால் சொல்கிறேன். நான்தான்.

ஊர் பெயர் சொல்லவில்லை. அவள் பெயர் எனக்கே தெரியாது. மேஸ்திரி என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ், ஒரு பிள்ளை, மஞ்சள் கையுறை என்று சொன்னேன். கையுறை என்ன பெயரா, விலாசமா என்று நினைத்தேன். அந்தக் கூட்டல் குறியையும் சொன்னேன். சிலர் அழுதார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு நான் வாய் திறந்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும், நன்றாக இருந்தது.

வாத்தியார் பெண்டாட்டி எந்த வரிசையில் இருந்தாள் என்று யோசிக்கிறேன். தெரியவில்லை. என்னுடையது எத்தனையாவது குறிப்பு, எத்தனை பேர் இருந்தார்கள், விசிறி சத்தம் போட்டதா, ஒன்றும் நினைவில்லை. நீ செய்த நாளில் மூன்றாம் வரிசைக்காரியின் செருப்பு நிறம்வரை எனக்கு நினைவிருக்கிறது. நான் செய்த நாளில் ஒன்றுமே இல்லை. போன வாரம்தான் நடந்தது.

நீ பதினோரு வருஷம் என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். கடிதத்தில் கேட்டாய், ஆள் விட்டுக் கேட்டாய், உன் அண்ணன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாய். நான் கொடுக்கவில்லை. அதனால் நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்றும் நீ எழுதவில்லை. எழுதாதே.

போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தாறு வருஷத்துப் பொய்யையும் சேர்த்துத்தான். அவர் ஜெபிக்கலாம் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லலாமா என்கிறார் அவர். அதை நீதான் சொல்ல வேண்டும். தைரியமாக இரண்டு வார்த்தை கேட்டாய். என்னிடம் இப்போது ஒரு வார்த்தையும் இல்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றாவிட்டால் சீழ் பிடிக்கும், அது எனக்கும் தெரிகிறது.

அண்ணி

*

ஜூலை 6, ஞாயிறு

அண்ணி,

போன வேனில் எழுத முடியவில்லை. 

நான் திரும்பி வரவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, இருந்துவிட்டு வருகிறேன். இதில் தைரியம் ஒன்றும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வரிசை நிற்கிறது. முன்பு அறுபது பேர் வருவார்கள், இப்போது இருபது பேர். மேஸ்திரிக்குப் பயந்துகொண்டு வருகிறார்கள். கட்டுப் போடும்போது யாரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. வாத்தியார் துணி சுருட்டுகிறார். வியாழக்கிழமைக் கூட்டம் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால்கூட அவர் சத்தமாக ஜெபிப்பதில்லை. நேற்று என்னிடம், "குழு அறிக்கையில என்னம்மா எழுதறது?" என்று கேட்டார். நடந்ததை எழுதுங்கள் என்றேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதவில்லை.

அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவள் அக்காவின் ஊர் பெயரைக் கேட்டு வைக்காமல் போனேன். ரகசியம் என்று நினைத்துக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வரிசையின் கடைசியில் மஞ்சள் கையுறை தெரிந்தது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வேறொருத்தி. இருபது வயதுகூட இருக்காது, வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. ஆனால் கையுறை அதுதான் அண்ணி. கட்டைவிரலில் நான் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "மேஸ்திரி குடுத்தாரும்மா. யாரோ விட்டுட்டுப் போனதாம்" என்றாள்.

உள்ளே கூட்டி வந்து விரலுக்குக் கட்டுப் போட்டேன். இறால் ஓடு குத்தியதுதான், வேறு இல்லை. முழங்கைக்கு மேலேயும் தூக்கிப் பார்த்துவிட்டேன். கிளம்பும்போது, "நீங்க ஜெபம் பண்ணுவீங்களாமே, எனக்கும் பண்ணுங்க" என்றாள். என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம், என்கிட்ட சொல்லாதே" என்று தடுத்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சின்னவள்